அச்சத்தில் பிறக்கும் பிடிவாதம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஏக இறைவனைப் புகழ்ந்தும், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லியும் இவ்வுரையைத் தொடங்குகின்றோம்.

சற்று முன்னர் நம் செயலாளர் அவர்கள் ஆண்டறிக்கையை வாசித்தார்கள். பள்ளிவாசல் மராமத்துக்கு ஆன செலவு, மதரஸாவில் ஓதும் பிள்ளைகளின் எண்ணிக்கை, பைத்துல்மால் நிதியின் வரவு செலவு ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற்றிருந்தன. இடம்பெறாத கணக்கு ஒன்றும் உண்டு. நம் மஹல்லாவில் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்வதை நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் எத்தனை? அண்ணன் நிற்கும் ஸஃப்பில் தம்பி நிற்க மறுக்கும் வீடுகள் எத்தனை? கைப்பேசியில் வந்த செய்தி ஒன்றை நம்பி ஒரு தெருவையே, ஒரு சாதியையே, ஒரு சமயத்தையே பகையென்று முடிவு கட்டிய உள்ளங்கள் எத்தனை? இக்கணக்கை எழுதி வைக்க நம்மிடம் பதிவேடு இல்லை. ஆயினும் அந்தப் பற்று நம் தலையில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆதலால் இவ்வாண்டு இப்பொருள் குறித்துப் பேசுவதென்று முடிவு செய்தோம்.

மனிதன் எப்போது பிடிவாதக்காரன் ஆகின்றான்? நிறையக் கற்றதனால் வருகின்ற உறுதி ஒன்று உண்டு. அத்தகைய உறுதி உடையவர் எதிர்க்கேள்வி வந்தால் பதறமாட்டார். மற்றோர் உறுதி, உள்ளத்தில் அச்சமும் நிச்சயமின்மையும் மிகும்போது திடீரென முளைப்பது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்று போலவே காணப்படும். இரண்டாவதை முதலாவது என எண்ணி ஏமாறுவதனால் விளையும் கேட்டைத்தான் இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் ஊர் கண்ட நான்கு நாட்கள்

வெகு தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள், சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில் உள்ள தனியார் உறைவிடப் பள்ளி ஒன்றில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் இறந்து கிடந்தார். பெற்ற தாயின் துயரத்தை அளக்க எவராலும் இயலாது. தம் மகள் எவ்வாறு இறந்தாள் என்று கேட்கும் உரிமை அத்தாய்க்கு உண்டு. விடை சொல்லும் கடமை அரசுக்கு உண்டு. இதில் நமக்கு மாற்றுக் கருத்து எள்ளளவும் இல்லை.

ஆனால் அந்த நான்கு நாட்களில் நம்மிடையே நிகழ்ந்தது என்ன? மருத்துவ அறிக்கையைக் கண்ணால் காணாதவர், அப்பள்ளியின் வாசலை மிதித்திராதவர், சென்னையிலும் சேலத்திலும் இருந்தவர் என அனைவருமே நடந்ததை நேரில் கண்டவர் போல் பேசினர். வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு மணிக்கு ஒரு செய்தி வந்தது. காலையில் ‘இருக்கலாம்’ என்று எழுதப்பட்டது மாலையில் ‘இதுதான்’ என்றாயிற்று. ‘விசாரணை முடியட்டும்’ என்று சொன்னவர் விலைபோனவர் எனப்பட்டார். நம் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசிகளிலும் அச்செய்திகள் வந்தன. நாமும் அவற்றை வாசித்தோம். நம்மில் சிலர் பிறருக்கும் அனுப்பினோம்.

ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. நீதி கேட்டுத் திரண்ட கூட்டம் கலவரமாக மாறியது. பள்ளிப் பேருந்துகள் எரிந்தன. காவல்துறை வாகனங்கள் எரிந்தன. வகுப்பறைகள் சூறையாடப்பட்டன. அப்பள்ளியில் பயின்ற ஏழை எளியோர் வீட்டுப் பிள்ளைகளின் சான்றிதழ்களும் தீக்கிரையாயின. காவலர்கள் பலர் காயமுற்றனர். 300க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். அவர்களுள் 18 வயது நிரம்பாதோரும் இருந்தனர். ஒரு மாணவிக்கு நீதி கேட்கச் சென்ற மாணவர்கள், தங்கள் படிப்பை இழந்து நீதிமன்ற வாசலில் நிற்க நேர்ந்தது. மறு பிரேதப் பரிசோதனைக்கு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது அதற்கு அடுத்த நாள், ஜூலை 18இல்தான். அதாவது, விடை தேடும் வழி திறக்கும் முன்னரே விடை எங்களிடம் உள்ளது என்று சொல்லித் தீ வைத்தாகிவிட்டது.

அக்கூட்டத்தில் சென்ற அனைவரும் தீயவர்கள் என்று நாம் சொல்லமாட்டோம். பெண் பிள்ளையைப் பெற்ற ஒவ்வொருவர் வயிற்றிலும் அன்று நெருப்பு இருந்தது. ‘நம் பிள்ளை படிக்கும் இடம் பாதுகாப்பானதுதானா?’ என்னும் கேள்விக்கு எவரிடமும் உறுதியான விடை இல்லை. அந்த விடையின்மையைத் தாங்குவது கடினம். கோபத்தைத் தாங்குவது அதைவிட எளிது. ஆதலால் மனம் கோபத்தைத் தேர்ந்துகொண்டது.

அறிஞர்கள் ஆராய்ந்து கண்டது

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோய் அன்று. 1934ஆம் ஆண்டு ஜனவரி 15இல் பீகாரிலும் நேபாளத்திலும் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டு ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன் பின் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்னும் உளவியல் அறிஞர் தொகுத்து ஆராய்ந்தார். அதிர்ச்சியை உணர்ந்தும் பெருஞ்சேதம் காணாத பகுதி மக்களிடையே ஒரு விந்தை காணப்பட்டது. ‘இனி அச்சமில்லை’ என்னும் ஆறுதல் செய்தி அங்கே பரவவில்லை. இதனினும் கொடிய அழிவு இன்ன நாளில் வரப்போகிறது என்னும் செய்தியே பரவியது.

அஞ்சி நடுங்குபவன் மேலும் அஞ்ச வைக்கும் செய்தியை ஏன் நம்புகின்றான்? லியான் ஃபெஸ்டிங்கர் என்னும் அமெரிக்க அறிஞர் 1957இல் வெளியிட்ட தம் நூலில் இதற்கு விளக்கம் தந்தார். அம்மக்களின் உள்ளத்தில் அச்சம் முன்னரே குடியேறிவிட்டது. கண்முன்னே அதற்குத் தக்க காரணம் தெரியவில்லை. காரணமில்லாத அச்சத்தோடு வாழ மனம் ஒப்புவதில்லை. ஆகவே அச்சத்திற்குப் பொருத்தமான காரணத்தை மனமே உண்டாக்கிக்கொள்கிறது. நாம் செய்தியை நம்பியதனால் அஞ்சுகிறோம் என்று எண்ணுகின்றோம். அஞ்சியதனால் செய்தியை நம்புவதும் உண்டு.

கனடா நாட்டு உளவியல் அறிஞர் இயன் மெக்ரிகர் என்பவர் 2001இல் தம் சகாக்களுடன் வெளியிட்ட ஆய்வு இதனை மேலும் தெளிவாக்குகிறது. கல்லூரி மாணவர்களிடம், அவரவர் வாழ்வில் முடிவெடுக்க இயலாமல் தவிக்கும் சொந்தச் சிக்கல் ஒன்றை நினைத்து எழுதுமாறு கூறினர். பின்னர், அச்சிக்கலோடு சற்றும் தொடர்பில்லாத மரண தண்டனை போன்ற பொதுப் பிரச்சினைகள் குறித்து அவர்களின் கருத்தைக் கேட்டனர். சொந்தச் சிக்கலை நினைத்து மனம் கலங்கியவர்கள், பொதுப் பிரச்சினைகளில் முன்னினும் கடுமையான உறுதியைக் காட்டினர். அதாவது, வீட்டில் தீராத குழப்பம் வெளியில் தீராத பிடிவாதமாக உருவெடுத்தது. இவ்வழியில் நிகழ்ந்த பிற ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. தன் வாழ்வில் தான் பெரிதும் மதிக்கும் நற்பண்பு எது, உறவு எது என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வாய்ப்புப் பெற்றவர்களிடம் அக்கடுமை தணிந்திருந்தது.

இவை ஆய்வுக்கூடத்தில் கண்ட சிறு மாற்றங்கள். இவற்றைக் கொண்டு ஒருவன் ஏன் ஆயுதம் ஏந்துகிறான் என்று முழுமையாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் நம் வீட்டு முற்றத்தில் நாம் காண்பதை விளங்கிக்கொள்ள இவை உதவும். கடன்காரனுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாதவன், உலக அரசியல் முழுவதற்கும் பதில் சொல்லத் தொடங்குகின்றான். அப்பதிலை எவரேனும் மறுத்தால், தன் உயிரையே பறிப்பது போல் துடிக்கின்றான்.

நம் மீது வீசப்பட்டதும் நாம் வீசியதும்

அச்சம் பிறரைக் குறித்து எத்தகைய தீர்ப்பு எழுதும் என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா நோய் பரவத் தொடங்கிய வேளை. அந்நோய் எவ்வாறு வரும், எவரைக் கொல்லும், எப்போது முடியும் என எவருக்கும் தெரியாது. அப்போது தில்லி நிஜாமுத்தீன் மர்கஸில் கூடிய தப்லீக் ஜமாஅத்தினரைச் சுட்டி, நோயை வேண்டுமென்றே பரப்புகிறார்கள் என்று தொலைக்காட்சிகள் முழங்கின. நாட்டின் பல இடங்களில் முஸ்லிம் காய்கறி வியாபாரிகளைத் தெருவுக்குள் விட மறுத்தனர். ஆகஸ்ட் 21இல் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு வெளிநாட்டினர் 29 பேர் மீதான வழக்குகளை ரத்துச் செய்தது. அவர்கள் பலிகடாவாக்கப்பட்டனர் என்னும் கருத்தையும் அது பதிவு செய்தது. தீர்ப்பு வந்தது. ஆனால் அந்த ஐந்து மாதங்களில் நாம் பட்டதை எந்தத் தீர்ப்பும் துடைக்கவில்லை. நெடுநாள் பழகிய அண்டை வீட்டார் அன்று சற்று விலகி நின்றதை நாம் இன்னும் மறக்கவில்லை.

இதனை நினைவில் வைத்திருக்கும் நாம், நான்கு ஆண்டுகள் கழித்து என்ன செய்தோம்? 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அருந்தி 65க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரே தெருவில் பல வீடுகளில் ஒரே நாளில் ஜனாஸாக்கள் கிடந்த அக்காட்சியைக் கண்டு கலங்காதவர் இல்லை. அப்போது கடைவீதியிலும், தேநீர்க் கடையிலும், ஏன், நம் பள்ளிவாசல் திண்ணையிலும்கூட ஒரு பேச்சு எழுந்தது. ‘எல்லாம் மலைக்காரர்கள் செய்த வேலை. கல்வராயன் மலையில் இருப்பவன் எல்லாம் சாராயக்காரன்தானே!’ என்பதே அப்பேச்சு.

உண்மை என்ன? அம்மக்களைக் கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலைகளில் பயன்படும் வேதிப்பொருள். மலையில் ஊறல் போட்டுக் காய்ச்சுவதனால் கிடைப்பதன்று. வியாபாரிகளின் கை மாறி மாறி வந்து சேர்ந்தது அது. மலையில் சாராயம் காய்ச்சுவோர் இல்லை என்று நாம் வாதிடவில்லை. உண்டு. அது குற்றமே. ஆயினும் மலையாளிப் பழங்குடி மக்கள் அனைவரையும் ஒரே சொல்லில் அடைத்தோமே, அது எந்த நீதி? 1976ஆம் ஆண்டு வரை ஜாகிர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்த மலை அது. கூலியின்றி வேலை வாங்கப்பட்ட தலைமுறையின் பேரர்கள்தாம் இன்று வெள்ளிமலையிலிருந்து கடுக்காயும் தேனும் மரவள்ளியும் கொண்டு நம் சந்தைக்கு இறங்கி வருகின்றனர். சாராயச் சாவுகளுக்குப் பின்னர், அம்மலை மக்களின் சாலை, மருத்துவம், கல்வி ஆகியவற்றின் நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. நீதிபதிகள் அம்மக்களின் வறுமையைக் கண்டனர். நாமோ அவர்களைக் குற்றவாளிகளாகக் கண்டோம். 2020இல் நம்மைக் கண்டவர்கள் எக்கண்ணால் கண்டார்களோ, 2024இல் நாம் மலை மக்களை அதே கண்ணால் கண்டோம்.

அச்சுறுத்தல் உண்மையாயினும்

‘எங்கள் அச்சம் கற்பனையன்று, உண்மையான அச்சுறுத்தல் இருக்கிறதே!’ என்று நம் இளைஞர்கள் கேட்பர். கேட்பது நியாயமே. அதற்கு விடையாகக் கோயம்புத்தூரை நினைவூட்டுகிறோம்.

1997ஆம் ஆண்டு நவம்பர் 29இல் அந்நகரின் உக்கடம் பகுதியில் செல்வராஜ் என்னும் போக்குவரத்துக் காவலர் குத்திக் கொல்லப்பட்டார். அதனைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் உயிரிழந்தனர். கடைகள் கொள்ளையிடப்பட்டன, எரிக்கப்பட்டன. அச்சமுதாயம் அன்று கொண்ட அச்சம் பொய்யன்று. தங்களைக் காக்க எவரும் இல்லை என்று அவர்கள் உணர்ந்ததும் பொய்யன்று. அந்த அச்சத்தின் மீது சிலர் ஓர் உறுதியைக் கட்டினர். பழிக்குப் பழி ஒன்றே வழி என்பது அவ்வுறுதி. 1998 பிப்ரவரி 14இல் குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டனர். 200க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். மாண்டவர்கள் யார்? நவம்பர் மாதக் கலவரத்தில் எப்பங்கும் இல்லாத வழிப்போக்கர்கள், வியாபாரிகள், நோயாளியைப் பார்க்க மருத்துவமனைக்கு வந்தவர்கள். 2007இல் தனி நீதிமன்றம் 158 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அதன் பின் தமிழகமெங்கும் நம் பிள்ளைகள் வாடகைக்கு வீடு கேட்டும், வேலை கேட்டும் நின்ற வாசல்களில் எல்லாம் அந்தக் குண்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அச்சுறுத்தலைப் போக்க வந்ததாகச் சொன்ன செயல் அச்சுறுத்தலைப் பன்மடங்காக்கியது.

கடல் கடந்து இலங்கைக்குச் செல்வோம். காத்தான்குடி என்னும் ஊரை நம்மில் பலர் அறிவோம். 1990 ஆகஸ்ட் 3இல் அவ்வூர்ப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். பின்னாளில் 2014இல் அளுத்கமையிலும், 2018இல் திகனையிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. இத்துணைக் காயங்களும் பட்ட சமுதாயத்தில் பெரும்பாலோர் பொறுமையோடு வாழ்ந்தனர். ஆனால் அதே காத்தான்குடியிலிருந்து ஸஹ்ரான் ஹாஷிம் என்பவர் புறப்பட்டார். அவருடைய முதல் பகை தேவாலயங்களோடு தொடங்கவில்லை. தம் ஊரிலேயே, தம்மோடு கருத்து மாறுபட்ட முஸ்லிம்களோடுதான் தொடங்கியது. 2017இல் அது வன்முறையாகவும் வெடித்தது. ஊர் முஸ்லிம்களே அவரைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டனர். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று அவரும் அவர் கூட்டத்தாரும் நடத்திய தற்கொலைத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்ட அப்பாவிகள் மாண்டனர்.

அத்தாக்குதலில் ஈடுபட்டோருள் பெருஞ்செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளும், மேல்நாட்டில் படித்தவரும் இருந்தனர். ஆகவே வறுமைதான் இதற்குக் காரணம் என்று எளிதாக முடித்துவிட இயலாது. வயிறு நிறைந்தவனுக்கும் ‘நான் யார், என் வாழ்வுக்கு என்ன பொருள்?’ என்னும் கேள்வி எழும். அக்கேள்விக்கு எவ்விதத் தயக்கமும் இல்லாத ஒரே வரி விடையைத் தருகிறவர் பின்னால் அவன் சென்றுவிடுகின்றான். மைக்கேல் ஹாக் என்னும் அறிஞர் இதனைத் தம் ஆய்வின் மையமாகக் கொண்டார். தன்னைக் குறித்த நிச்சயம் குறையும்போது மனிதன் கூட்டத்தை நாடுகின்றான் என்றும், எல்லைகள் கறாராக வகுக்கப்பட்ட கூட்டம் அவனுக்குக் கூடுதல் ஆறுதல் தருகிறது என்றும் அவர் விளக்கினார். உள்ளே இருப்பவன் யார், வெளியே இருப்பவன் யார் என்பதில் ஐயமே இல்லாத கூட்டம் ஐயத்தால் வாடுபவனுக்கு நிழலாகத் தோன்றும்.

நம் வரலாறு கற்பிப்பது

இதனை நம் முன்னோர் அறியாமல் இல்லை. ஹிஜ்ரி 37இல் ஸிஃப்பீன் போருக்குப் பின் முஸ்லிம்களிடையே பெருங்குழப்பம் நிலவியது. எப்பக்கம் நியாயம், யார் சொல்வது சரி என்று சாதாரண மக்கள் தடுமாறினர். அக்குழப்பத்தின் நடுவே, எங்களுக்கு மட்டுமே எல்லாம் தெளிவாகத் தெரியும் என்று ஒரு கூட்டம் பிரிந்தது. அவர்களே கவாரிஜ்கள். இரவெல்லாம் தொழுதவர்கள், குர்ஆனை இடைவிடாது ஓதியவர்கள் என்று வரலாறு அவர்களைக் கூறும். தங்களோடு உடன்படாத முஸ்லிம்களை அவர்கள் காஃபிர் என்றனர். ஹிஜ்ரி 40இல் அலீ (ரலி) அவர்களைக் கூஃபா பள்ளிவாசலில் வெட்டியவன் அக்கூட்டத்தைச் சேர்ந்த இப்னு முல்ஜிம்.

அவர்களை அலீ (ரலி) அவர்கள் முதலில் எவ்வாறு எதிர்கொண்டார்கள்? அப்துல்லாஹ் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அக்கூட்டத்தாரின் இடத்திற்கே சென்றார்கள். உங்கள் மனக்குறை என்னவென்று முதலில் கேட்டார்கள். அவர்கள் சொல்லி முடிக்கும் வரை செவிமடுத்தார்கள். அதன் பின்னரே விடையளித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் அன்று மனம் மாறித் திரும்பினர் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. எஞ்சியோர் வாளேந்தி அப்பாவிகளைக் கொன்ற பின்னரே நஹ்ரவானில் போர் நடந்தது.

நாம் செய்த தவறு

இப்போது நம் சொந்தக் கணக்குக்கு வருவோம். நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கொரோனா காலத்தில் வளைகுடாவில் வேலை இழந்து ஊர் திரும்பினார். பெயர் வேண்டாம். விசாவுக்கு வாங்கிய கடன் அப்படியே நின்றது. தங்கையின் நிக்காஹ் தள்ளிப் போயிற்று. பல மாதங்கள் வீட்டை விட்டு வெளியே வராதவர், பின்னர் ஒரு நாள் பள்ளிக்கு வந்தபோது வேறு மனிதராக வந்தார். நம் இமாம் பின்னால் தொழுவது கூடாது என்றார். ஃபாத்திஹா ஓதுவோர் எல்லாம் மார்க்கத்தை விட்டு வெளியேறியவர்கள் என்றார். தம் அத்தாவின் நெடுநாள் நண்பர் சொன்ன ஸலாமுக்குப் பதில் சொல்ல மறுத்தார். பெற்ற பாட்டியின் ஜனாஸா தொழுகையில்கூடக் கலந்துகொள்ளாமல் வெளியே நின்றார்.

நிர்வாகத்தில் இருந்த நாம் என்ன செய்தோம்? அவரை அழைத்து, ஊரார் பலர் முன்னிலையில் நிற்க வைத்துக் கண்டித்தோம். ‘நேற்றுப் பிறந்தவன் எங்களுக்கு மார்க்கம் சொல்கிறாயா?’ என்று கேட்டோம். அவருடைய அத்தா தலைகுனிந்து நின்றார். நியாயம் வழங்கிவிட்டோம் என்ற நிறைவோடு நாம் வீட்டுக்குச் சென்றோம். அவ்விளைஞர் அன்றோடு பள்ளிக்கு வருவதை நிறுத்தினார். கடன் எவ்வளவு என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டவர் ஒரே ஒருவர். நிர்வாகத்தில் இல்லாத, அதிகம் படிக்காத பெரியவர் அவர். அவ்விளைஞர் கைப்பேசி பழுது பார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்ததை அறிந்து, வாரந்தோறும் அங்கே சென்று ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார். மார்க்க விவாதம் எதுவும் அவர் செய்யவில்லை. அதற்குரிய கல்வி தம்மிடம் இல்லை என்று அவரே சொல்வார். கடனைக் கேட்டறிந்து, பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் வழங்க நம்மிடம் வந்து நின்றவரும் அவரே. ஏறத்தாழ ஈராண்டுக்குப் பின் அவ்விளைஞர் நம்மிடம் சொன்னது இது: ‘வீட்டு வாசலில் கடன்காரர் வந்து நிற்கும்போது என்னிடம் பதில் இல்லை. அந்த வீடியோக்களைப் பார்க்கும்போது மட்டும் எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.’

இன்றும் அவர் மவ்லிதுக்கு வருவதில்லை. ஃபாத்திஹா பற்றிய அவருடைய கருத்து மாறவில்லை. அது மாற வேண்டும் என்பதும் இவ்வுரையின் நோக்கமன்று. மார்க்கச் சட்டங்களில் கருத்து வேறுபாடு என்றும் இருந்துவந்துள்ளது, இனியும் இருக்கும். ஆனால் இப்போது அவர் நம் ஸஃப்பில் நிற்கின்றார். ஸலாம் சொன்னால் பதில் சொல்கின்றார். அவர் கருத்திலிருந்து பகை மட்டும் கழன்றுவிட்டது.

இலங்கையில் 2009இல் போர் முடிந்த பின், புனர்வாழ்வு முகாம்களில் இருந்த முன்னாள் விடுதலைப் புலிகளிடையே ஆரி குருக்லான்ஸ்கி என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் ஆய்வு செய்தனர். அம்முகாம்களைக் குறித்து மனித உரிமை அமைப்புகள் கூறும் கடுமையான குறைகள் உண்டு. அவற்றை நாம் மறைக்கவில்லை. எனினும் அவ்வாய்வு கண்டது நமக்குப் பயன்படும். தொழில் கற்று, தாமும் மதிப்புக்குரிய மனிதர் என்னும் உணர்வை மீளப் பெற்றவர்களிடம் தீவிர எண்ணம் தணிந்தது என்பதே அது. நம் பெரியவர் ஆய்வு எதையும் படித்தவரல்லர். அதனையே ஒரு தேநீரைக் கொண்டு செய்தார்.

இனிச் செய்ய வேண்டியவை

பொதுக்குழுவின் முன் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவதாக, ‘தெரியாது’ என்று சொல்வதை இழிவாகக் கருதும் பழக்கத்தை விடுவோம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் தொலைவிலிருந்து ஒருவர் வந்து நாற்பதுக்கும் மேற்பட்ட கேள்விகளைக் கேட்டபோது, பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது என்றே விடையளித்தார்கள் என்று நூல்கள் கூறுகின்றன. மதீனாவின் இமாமுக்கு இல்லாத வெட்கம் நமக்கு ஏன்? வீட்டில் தந்தை ‘எனக்குத் தெரியவில்லை, விசாரிப்போம்’ என்று சொன்னால், பிள்ளையும் அதைக் கற்றுக்கொள்ளும்.

இரண்டாவதாக, செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும் என்று சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில் எவர் அனுப்பிய செய்தியாயினும், யார் சொன்னது, எங்கே நடந்தது, எந்நாளில் நடந்தது என்னும் மூன்றுக்கும் விடை இல்லையேல் அதனை நீக்கிவிடும் பொறுப்பை நிர்வாகம் ஏற்க வேண்டும். நிர்வாகிகள் அனுப்பியதாயினும் அவ்வாறே.

மூன்றாவதாக, மார்க்க விஷயத்தில் கடுமை காட்டும் இளைஞரை ஊரார் முன் நிறுத்தி விசாரிப்பதை இவ்வாண்டோடு கைவிடுவோம். அவர் வீட்டுக்கோ வேலைத்தலத்துக்கோ இருவர் செல்லட்டும். கருத்தைக் கேட்கும் முன் நலம் விசாரிக்கட்டும். அதே வேளையில், எவரேனும் பிறருக்குத் தீங்கு செய்யத் திட்டமிடுவது தெரிந்தால், உறவு, நட்பு எதையும் பாராமல் சட்டத்தின் கவனத்திற்குக் கொண்டு செல்வது நம் கடமை. காத்தான்குடி மக்கள் அதைத்தான் செய்ய முயன்றனர். பரிவும் எச்சரிக்கையும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

நான்காவதாக, வெளிநாட்டில் வேலை இழந்து வருவோர், படிப்பு இடையில் நின்றோர், தொழில் நொடித்தோர் ஆகியோரை ஆறு மாதத்திற்கு ஒருமுறை கணக்கெடுத்து, பைத்துல்மாலின் வட்டியில்லாக் கடனில் அவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும்.

ஐந்தாவதாக, சந்தை நாளில் மலையிலிருந்து வருவோருக்குக் குடிநீரும், நிழலில் சற்று அமர இடமும் நம் பள்ளிவாசலின் முன்புறத்தில் அமைய வேண்டும். 2024இல் நம் திண்ணையில் பேசிய பேச்சுக்கு இது சிறு பரிகாரமாகட்டும். நேரில் பேசிப் பழகிய மனிதரைக் குறித்து வதந்தி வந்தால், நம்புவதற்கு முன் மனம் சற்றுத் தயங்கும். 2020இல் நமக்காக அவ்வாறு தயங்கிய பிற சமயச் சகோதரர்களும் இவ்வூரில் இருந்தனர் என்பதை நன்றியோடு நினைவுகூர்கிறோம்.

அன்பார்ந்த ஜமாஅத்தார்களே! வருங்காலம் நமக்கு நிச்சயமானதாக இருக்கும் என்று எவராலும் வாக்களிக்க முடியாது. வேலை, நோய், நாட்டு நிலைமை எதுவும் நம் கையில் இல்லை. அச்சம் வருவது மனித இயல்பு. அதனைச் சொல்லிக்கொள்ள ஓர் இடம் இல்லாதபோதுதான் அது பிடிவாதமாகின்றது. ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று ஓர் இளைஞன் வெட்கமின்றி வந்து சொல்லக்கூடிய இடமாக இந்தப் பள்ளிவாசல் இருக்கிறதா என்னும் கேள்வியோடு இன்று கலைந்து செல்வோம். அடுத்த ஆண்டறிக்கையில் செயலாளர் அவர்கள் ஒரு வரி சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது நம் விருப்பம். ஸலாம் முறிந்திருந்த இத்தனை வீடுகளில், இத்தனை வீடுகளில் இவ்வாண்டு ஸலாம் மீண்டது என்பதே அவ்வரி.

வல்ல இறைவன் நம் உள்ளங்களிலிருந்து அச்சத்தையும் பகைமையையும் அகற்றி, நடுநிலையான வழியில் நம்மை நிலைக்கச் செய்வானாக! நம் ஊரையும், மலையையும், நாட்டையும் அமைதியில் வாழ வைப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.